பைலட்டா?

மகன் தேசிய சேவைக்காக ஆகாயப் படையில் சேர்ந்ததும், அண்டை வீட்டார் கேட்ட முதல் கேள்வி, "பைலட்டா?" இல்லை, தெங்கா விமானத் தளத்தில் காவல் பணி. எனக்கும் சிறு வருத்தம்தான்.

2008 ஜனவரி 22ஆம் தேதி, உரிய அனுமதியின்றி வந்த சிறிய செஸ்னா விமானத்தை இடைமறிக்க நம் எஃப்-16 விமானங்கள் பறந்தன. சாங்கி விமான நிலையம் 50 நிமிடம் மூடப்பட்டது. அன்று விமானிகளைத்தான் பாராட்டினோம். ஆனால், வானைக் கண்காணிக்க ரேடார் பிரிவு, விமானத்தைப் பழுதுபார்த்து ஆயுதம் ஏற்றத் தரைக்குழு, ஓடுபாதை சேதமடைந்தால் செப்பனிடத் தனி அணி என்று எத்தனை பேர்!

"கேட்டுக்குள்ள ஒருத்தன் புகுந்துட்டா, எஃப்-16 தரையிலேயே காலிப்பா," என்றான் மகன். சொல்லிவிட்டு, சீருடையைத் துவைக்கப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டான். முந்தைய இரவு முழுக்கக் காவல்.