பழைய மடக்குக் கத்திகளின் வயதை அறிதல்

பழைய மடக்குக் கத்திகளைச் சேகரிப்போர் முதலில் பார்ப்பது அலகின் அடியில் உள்ள முத்திரையை. அலகு பிடியோடு சேரும் இடத்தில், கூர் தீட்டப்படாத சிறு பரப்பில் அது பதிக்கப்பட்டிருக்கும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பிராட்ஃபோர்டு நகரிலுள்ள கேஸ் நிறுவனத்தின் முறை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1970இல் அதன் முத்திரையில் பத்துப் புள்ளிகள் இடப்பட்டன. பின்னர் ஆண்டுக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டன. எனவே ஏழு புள்ளிகள் இருந்தால் 1973. (மாணவர்களுக்கு நல்ல கழித்தல் கணக்கு!) 1980இல் மறுபடியும் பத்துப் புள்ளிகள் வந்தன. ஆனால் அப்போது பெயரிலுள்ள 'எஸ்' எழுத்து மின்னல் வடிவம் பெற்றது. இரு பத்தாண்டுகளையும் பிரித்தறிய அதுவே துணை. இந்நிறுவனத்தின் மாதிரி எண்ணும் பேசும்: 6254 என்பதில் 6 எலும்புப் பிடியையும், 2 அலகுகளின் எண்ணிக்கையையும், 54 கத்தியின் வடிவத்தையும் குறிக்கும்.

முத்திரை மட்டும் போதாது. பழைய அலகை வேறொரு பிடியில் பொருத்தி விற்பவர்கள் உண்டு. அலகு தேய்ந்திருக்க, பிடியும் ஆணிகளும் புதிதாக மின்னினால் ஐயப்பட வேண்டும்.

துருவைப் போக்க உப்புத்தாளால் தேய்ப்பதுதான் பெருங்கேடு. துருவோடு முத்திரையும் போய்விடும். பிறகு வயதைச் சொல்ல வழியில்லை. மென்துணியில் சிறிது எண்ணெய் தொட்டுத் துடைத்தாலே போதும். செல்லுலாய்டு பிடியுள்ள கத்திகளைத் தனியே வைக்க வேண்டும். அது சிதையும்போது வெளிவரும் ஆவி பக்கத்துக் கத்திகளையும் அரித்துவிடும்.