செயின் மட்டும் மாற்றினால் போதுமா?



நமது உறுப்பினர்களில் பெரும்பாலோர் கடை வாசலில் சரக்கு வண்டி ஒன்று நிற்கிறது. 1980-ல் டிவிஎஸ் 50 வந்த காலம் தொட்டு இந்தச் சிறிய வண்டிகள்தான் மளிகைக் கடைக்காரரின் வலது கை. இன்று எக்ஸ்எல் வண்டியோ, 100 அல்லது 125 சி.சி. மோட்டார் சைக்கிளோ அந்த வேலையைச் செய்கிறது. பின்னால் ஒரு மூட்டை அரிசி, நடுவே எண்ணெய் டின்கள் என்று நாம் ஏற்றும் பாரம் முழுவதையும் இழுப்பது ஒரு செயின்தான். (கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் பெல்ட் இருப்பதால் அவற்றுக்கு இக்கட்டுரை பொருந்தாது.)

செயின் தேய்ந்தால் செயினை மட்டும் மாற்றி, முன் ஸ்பிராக்கெட்டையும் பின் ஸ்பிராக்கெட்டையும் அப்படியே விட்டுவிடுவது பலரிடமும் உள்ள பழக்கம். எங்களிடம் சரக்கெடுக்கும் மளிகைக்காரர் ஒருவர் அப்படித்தான் செய்தார். மூன்றே மாதத்தில் புதுச் செயின் தொங்கிவிட்டது. மேம்பாலம் ஏறும்போது செயின் கழன்று சக்கரத்தில் சிக்கி, வண்டி ஓட்டிய பையன் மூட்டையோடு விழுந்தான். பின்னால் லாரி வராதது தெய்வச் செயல். மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய்தான்.

ஏன் இப்படி ஆகிறது? செயின் நீளுகிறது என்று நாம் சொல்கிறோமே தவிர, இரும்பு நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள ஆணியும் அதைச் சுற்றிய புஷ்ஷும் மயிரிழை அளவு தேய்கின்றன. நூறு கண்ணியின் தேய்மானம் சேரும்போது செயின் தொங்குகிறது. கண்ணிகளின் இடைவெளி கூடக் கூட, ஸ்பிராக்கெட்டின் பற்களும் அதற்கேற்ப ஒரு பக்கமாகத் தேய்ந்து கொக்கி போல் வளைந்துவிடும். அந்தப் பற்களின் மேல் சரியான இடைவெளி உள்ள புதுச் செயினை மாட்டினால், எல்லாப் பற்களும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளாது. ஒன்றிரண்டு பற்களும் கண்ணிகளுமே முழுப் பாரத்தையும் தாங்கும். ஆகவே மூன்றையும் செட்டாக மாற்றுவதே சரி. தொங்கும் செயினில் கண்ணிகளை வெட்டி எடுத்து இறுக்கித் தருவதும் உண்டு. அதில் மொத்த நீளம் குறையுமே தவிர, மீதிக் கண்ணிகளின் தேய்மானம் போகாது. தராசுத் தட்டில் புளி ஒட்டி முள்ளை நேர் செய்வது போன்றதுதான் அது!

மாற்றும் காலம் வந்துவிட்டதா என்பதை நாமே அளந்து பார்க்கலாம். சர்வீஸின்போது செயின் கவரைக் கழற்றச் சொல்லி, செயினை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, ஓர் ஆணியின் மையத்திலிருந்து தொடங்கி 20 கண்ணி தள்ளி உள்ள ஆணியின் மையம் வரை இரும்பு டேப்பால் அளக்கவும். நமது சிறிய வண்டிகளில் காணப்படும் 420, 428 ஆகிய இரு வகைச் செயினிலும் கண்ணி இடைவெளி அரை அங்குலம். ஆகவே புதியதில் 20 கண்ணி சரியாக 10 அங்குலம், அதாவது 254 மி.மீ. இருக்கும். 259 மி.மீ. தாண்டினால் அந்தச் செயின் ஓட்டத் தகுதியற்றது. பின் ஸ்பிராக்கெட்டின் கடைசி வளைவில் செயினைப் பிடித்து இழுக்கும்போது பல்லில் பாதி வெளியே தெரிந்தாலும் அதே பொருள்தான்.

கடையில் கேட்கும்போது வண்டியின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே பெயரில் வெவ்வேறு ஆண்டுகளில் வந்த வண்டிகளுக்கு வேறு வேறு செட் இருக்கும். பழைய செயினில் பொறித்த எண், கண்ணிகளின் எண்ணிக்கை, இரு ஸ்பிராக்கெட்டிலும் உள்ள பற்களின் எண்ணிக்கை இவற்றைக் குறித்துக்கொண்டு போகவும். 420-க்கும் 428-க்கும் இடைவெளி ஒன்றாக இருந்தாலும் அகலம் வேறு. ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. 428-உடன் எச் என்ற எழுத்து இருந்தால் பக்கத் தகடு தடிமனானது என்று பொருள். 428 போடும் வண்டியில் பாரம் ஏற்றுபவர்கள் அதைக் கேட்டு வாங்குவது நல்லது. கோவையின் ரோலான், சென்னையின் டைமண்ட் போன்ற செயின்கள் எங்கும் கிடைக்கின்றன. பெயர் பெற்ற பொருளுக்குப் போலி வரும் என்பதை மிளகாய்த்தூள் விற்கும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உறை பிரிக்காத செட்டை, பில்லோடு வாங்கவும்.

“இழுவை வேண்டும், முன் பல் ஒன்று குறைத்துப் போடு” என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். முன்னால் 14, பின்னால் 42 பல் என்றால் விகிதம் 3. முன்னால் 13 ஆக்கினால் 3.23. அதாவது இழுவை நூற்றுக்குச் சுமார் 8 கூடும், அதே எஞ்சின் ஓட்டத்தில் வேகம் 7 குறையும். மேட்டுப் பகுதியில் தினமும் பாரம் ஏற்றுபவருக்கு இது உதவலாம். ஆனால் சிறிய சக்கரத்தைச் சுற்றும் செயின் அதிகமாக மடங்கித் தேயும். சமவெளியில் ஓட்டுபவர்கள் கம்பெனி கொடுத்த பற்களையே போடுவது மேல் என்பது எங்கள் கருத்து.

பூட்டும்போது கூடவே இருக்கவும். லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். மாறினால் கிளிப் தெறித்துவிடும். செயினை மிகவும் இறுக்கமாக வைக்கச் சொல்லாதீர்கள். பாரம் ஏறியதும் பின் சக்கரம் மேலெழும்பி, செயின் இன்னும் இறுகி, பேரிங்கைக் கெடுக்கும். பெரும்பாலான 100, 125 சி.சி. வண்டிகளுக்கு நடுவில் 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் வேண்டும். வண்டியோடு தந்த புத்தகத்தில் சரியான அளவு இருக்கும்.

அதன்பின் சுமார் 500 கி.மீ. ஓடியதும், மழையில் நனைந்த மறுநாளும், மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து 90-ஆம் நம்பர் கியர் ஆயில் விடவும். எஞ்சினை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றியே இதைச் செய்ய வேண்டும். எஞ்சினிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயில் வேண்டாம். அதில் இரும்புத் தூள் இருக்கும்.

கழற்றிய பழைய செட்டை மெக்கானிக்கிடம் விட்டுவிடாமல் கையோடு வாங்கி வந்து, பழைய இரும்புக்குப் போட்டுவிடவும். இல்லையென்றால் அது கழுவித் துடைக்கப்பட்டு வேறொரு வண்டியில் ஏறலாம்.