ஒற்றைத் தோளில் ஒன்பது கிலோ!

"ஐயா, ராத்திரி படுத்தா வலது கை மரத்துப் போவுது. சுண்டுவிரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. தை பொறந்தா வரிசையா கல்யாணம்... கேமராவைப் பிடிக்க முடியாம போயிடுமோன்னு பயமா இருக்கு!"

வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். தஞ்சாவூரில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவர். முகூர்த்தம் இல்லாத நாட்களில் பறவைகளைப் படம் பிடிக்க வடுவூர் ஏரிக்கும் கோடியக்கரைக்கும் கிளம்பிவிடுவாராம். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தேன். சர்க்கரை இல்லை.

"தம்பி, வெளியில வச்சிட்டு வந்தீங்களே, அந்தப் பையைக் கொண்டாங்க" என்றேன்.

ஒரே வார் போட்ட தோள்பை. கேமரா ஒரு கிலோ, பறவைக்கான நீள லென்ஸ் இரண்டு கிலோ, முக்காலி ஸ்டாண்டு இரண்டு கிலோ, தண்ணீர் இரண்டு கிலோ, மற்ற லென்ஸ், ஃபிளாஷ், பேட்டரி... தராசில் ஒன்பது கிலோ காட்டியது!

"இதென்ன பிரமாதம்? எங்கம்மா நெல்லுக்கட்டையே தலையில தூக்குனவங்க!" என்று சிரித்தார். அந்த அம்மாவிடம்தான் அவர் பாடம் கற்றிருக்க வேண்டும்.

சும்மாடு சொல்லும் பாடம்

வரப்பில் கதிர்க்கட்டு சுமந்து வரும் பெண்ணைக் கவனியுங்கள். தலையில் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்திருப்பார். பாரம் ஓரிடத்தில் குத்தாமல் பரவுகிறது. கட்டு நடுவில் இருப்பதால் உடம்பு ஒரு பக்கம் சாய்வதில்லை. தலைச்சுமையும் வருடக்கணக்கில் கழுத்து எலும்பைத் தேய்க்கும். எனவே அதைப் பின்பற்றச் சொல்லவில்லை. ஆனால் 'நடுவில் வை, பரப்பி வை' என்ற கணக்கு எல்லாச் சுமைக்கும் பொருந்தும்.

ஒற்றை வார் பையோ இதற்கு நேர்மாறு. பை நழுவாமல் இருக்க நம்மை அறியாமலே அந்தத் தோளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறோம். கழுத்துத் தசை கயிறு போல இறுகுகிறது. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை, காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையேதான் செல்கிறது. அங்கே பாரம் அழுத்தினால் விரல்கள் மரத்துப் போகாமல் என்ன செய்யும்? வரப்பிலோ சேற்றிலோ கால் வழுக்கினால் ஒரு பக்கப் பாரம் ஆளையே சாய்த்துவிடும்.

முதுகை அளந்து பை வாங்குங்கள்

சட்டைக்கு அளவு பார்க்கிறோம், செருப்புக்குப் பார்க்கிறோம். முதுகுப் பைக்கும் அளவு உண்டு! தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு துருத்தும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு மட்டம் வரை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். பையின் தோள்வார் தொடங்கும் இடத்திலிருந்து இடுப்புப் பட்டை வரை உள்ள நீளம் இதற்கு ஒத்துவர வேண்டும்.

இடுப்புப் பட்டைதான் முக்கியம். அகலமாக, மெத்தென்று இருக்கட்டும். அது வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். முதலில் அதை இறுக்கி, பிறகு தோள்வார்களைச் சரிசெய்து, கடைசியில் மார்புப் பட்டையைப் பூட்டுங்கள். இப்போது பாரத்தின் பெரும்பங்கு இடுப்புக்கும் காலுக்கும் இறங்கிவிடும். தோளுக்கு வேலை, பையைப் பிடித்துக்கொள்வது மட்டும்தான்.

கனமான லென்ஸை முதுகை ஒட்டி நடுவில் வையுங்கள். முக்காலியை ஒரு பக்கம் கட்டினால் தண்ணீரை மறுபக்கம் வையுங்கள். கடைக்கு உங்கள் சாமான்களையே எடுத்துப்போய், பையில் போட்டு, பதினைந்து நிமிஷம் நடந்து பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

வேர்வையும் மழையும்

நம் டெல்டாவின் புழுக்கத்தில் முதுகு நனைந்துகொண்டே இருந்தால் வேர்க்குரு, படர்தாமரை வரும். முதுகுப்புறம் வலைத்துணியோடு, காற்றுப்போக இடைவெளி உள்ள பையாகப் பாருங்கள். கோடியக்கரைக்குப் பூநாரைகள் வருவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி. எனவே மழையுறையும் தேவை. வீடு திரும்பியதும் பையைத் திறந்து உலர்த்துங்கள். ஈரப்பை தோலுக்கும் ஆகாது, லென்ஸுக்கும் ஆகாது. இரண்டிலும் பூஞ்சை பிடிக்கும்!

வலி வந்துவிட்டால்...

வெறும் தசை இறுக்கமென்றால் சில நாள் சுமையை நிறுத்துங்கள். நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து, சூடு பொறுக்கும் அளவில் ஒற்றடம் கொடுங்கள். மரத்துப் போன இடத்தில் சூடு தெரியாது, அங்கே வேண்டாம். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்னும் பிடித்துவிடும் முறையும் உண்டு. அதை முறையாகப் படித்த மருத்துவரிடம்தான் செய்துகொள்ள வேண்டும். கழுத்தைச் 'சொடக்' எடுக்கக் கண்டவரிடமும் தலையைக் கொடுக்காதீர்கள்.

கையில் பிடித்த பொருள் நழுவுகிறது, மரப்பு குறையவில்லை, கால் கனக்கிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால் எண்ணெயும் ஒற்றடமும் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

நம் தம்பிக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்தார். இடுப்புப் பட்டை வைத்த புதுப் பை. தராசில் வைத்தால் ஆறு கிலோ!

"மூணு கிலோ எங்க தம்பி போச்சு?"

"தேவையில்லாத லென்ஸையெல்லாம் வீட்டுலயே வச்சிட்டேன் ஐயா. அதுக்கப்புறம் கை மரக்கவே இல்ல" என்றார்.

நல்ல பை வாங்குவது பாதி மருந்து. எதைச் சுமக்க வேண்டாம் என்று தெரிந்துகொள்வது மீதி மருந்து!