மலைச் சைக்கிளும் முழங்கைக் காப்பும்

எட்டியாந்தோட்டைக்கு அப்பால் ஓர் இறப்பர்த் தோட்டத்தில் வசிக்கும் எமது மாணவன் ஒருவன், சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு காலையில், சரிவுப் பாதையிலே சைக்கிளோடு விழுந்தான். கை முறியவில்லை, தலையும் தப்பிற்று. முழங்கையிலே உள்ளங்கையளவு தோல் உரிந்தது, அவ்வளவே. "இதெல்லாம் ஒரு காயமா, சேர்?" என்று சிரித்தான். கானில் ஓடிய நீரிலே கையைக் கழுவிவிட்டு மறுபடியும் ஓடினானாம். பத்தாம் நாள் காய்ச்சல் கண்டது, கண்கள் சிவந்தன, கெண்டைக்கால் தொடமுடியாதபடி நொந்தது. எலிக்காய்ச்சல் என்றார் வைத்தியர். இரண்டு வாரம் ஆஸ்பத்திரியிற் கிடந்து பிழைத்து வந்தான்.

இதில் வேடிக்கை யாதெனில், விழுந்தபோது அவன் முழங்கைக் காப்பு அணிந்தே இருந்தான். கொழும்பிலிருந்து மாமா வாங்கி அனுப்பிய உயர்ந்த விலைக் காப்பு! வியர்வையிலே வழுக்கி, அது மணிக்கட்டுக்கு இறங்கிவிட்டிருந்தது. கடைக்காரர் 'எல்போ பேட்' என்று எடுத்து வைக்கும் அச்சிறு பொருளைப் பற்றி எழுத வேண்டுமென்று நாம் எண்ணியது அன்றுதான்.

மலைச் சரிவிலே சைக்கிள் ஓட்டுவது ஒரு போட்டி விளையாட்டாக உருவெடுத்தது அமெரிக்காவின் கலிபோர்னியாவில். 1976ஆம் ஆண்டு, சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள மரின் பகுதியில், பழைய கனத்த சைக்கிள்களைத் திருத்தி எடுத்துக்கொண்டு சில இளைஞர் மண்பாதையில் இறங்கினர். இருபதே ஆண்டுகளில், 1996இல் அற்லாண்டாவில், அது ஒலிம்பிக் பந்தயமாயிற்று. (கியூ பூங்காவிலிருந்து இறப்பர் நாற்றுக்கள் இலங்கைக்கு வந்த ஆண்டு 1876 என்பதை மாணவர்கள் அறிவர். சரியாக நூறாண்டு இடைவெளி!) இன்று கித்துல்கலையில் உல்லாசப் பயணிகள் பணங்கொடுத்து இவ்விளையாட்டை ஆடுகின்றனர். எமது தோட்டத்துப் பிள்ளைகளோ பணங்கொடாமலே ஆடுகின்றனர். 2022ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டுக் காலத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்த சைக்கிள்கள் பல இன்று சரிவுகளில் ஓடுகின்றன.

காப்பு எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதைப் பெற்றோர் முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். புய என்பும், ஆரையும், அரந்தியும் கூடுமிடம் முழங்கை. அரந்தியின் நுனி தோலுக்கு மிக அண்மையிலே உள்ளது. இடையில் தசையோ கொழுப்போ இல்லையெனலாம். ஆதலின் நேரே விழும் அடியும் உராய்வும் அங்கே கடுமையாகத் தாக்கும். காப்பு தடுப்பது இவ்விரண்டையுமே. விழும்போது கையை நீட்டி ஊன்றினால், விசை உள்ளங்கை வழியே ஏறி முழங்கைக்குச் செல்லும். சிறுவர்க்கு முழங்கைக்குச் சற்று மேலே என்பு முறிவது பெரும்பாலும் இவ்வாறுதான். அம்முறிவைக் காப்பு தடுக்கமாட்டாது. கைச்செலவு குறைந்த வீடுகளில் முதற் பணம் தலைக்கவசத்துக்கு, அடுத்தது கையுறைக்கு, அதன் பின்னரே முழங்கைக் காப்புக்கு என்பது எமது கருத்து.

அப்படியாயின், வெறும் தோலுக்காகவா இவ்வளவு முயற்சி என்று கேட்கலாம். சப்பிரகமுவவில் தோல் சிறிய காரியமன்று. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் உரிந்த தோலிற் படுமாயின் எலிக்காய்ச்சற் கிருமி உடலினுட் புகும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோருக்கு அந்நோய் கண்டதாகப் பதிவாயிற்று. 200க்கு மேற்பட்டோர் இறந்தனர். எமது இரு மாவட்டங்களும் அந்நோய்க்குப் பழக்கப்பட்டவை. காயம் பட்டால் சுத்தமான நீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவ வேண்டும்; கான் நீர் ஆகாது. பின்னர் காய்ச்சல் கண்டால், காயத்தையும் சேற்றையும் பற்றி வைத்தியரிடம் சொல்ல மறத்தலாகாது.

ஆகவே, கழன்று இறங்காத காப்பே எமக்கு வேண்டிய காப்பு. கடைக்குப் போகுமுன், முழங்கைக்கு மேலும் கீழும் கையின் சுற்றளவை நாடாவால் அளந்து, பெட்டியிலுள்ள அட்டவணையோடு ஒப்பிடுக. பிள்ளை வளர்வான் என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவது சட்டைக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. அணிந்தபின் இருபது தடவை கையை மடக்கி நீட்டி, சைக்கிளின் கைபிடியைப் பிடிப்பதுபோல் நின்று, மறுகையால் காப்பைக் கீழ்நோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். அசைந்தால் வேண்டாம். விரல் மரத்தாலும் வேண்டாம். உட்புறத்தில் இறப்பர் வரிகளும், மேலும் கீழும் ஒட்டுப் பட்டிகளும் இருப்பது நன்று.

ஓடுபோன்ற கடினக் காப்பா, மெத்தைபோன்ற மென் காப்பா என்பது ஓடும் இடத்தைப் பொறுத்தது. கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையில் சீவிய முனைகளுடன் நிற்கும் வாதுகளை நினைத்துப் பாருங்கள்! அங்கே கடின ஓடு வேண்டும். கிறவற் பாதையிலும் அது உதவும். இறப்பர்க் காட்டுப் பாதைக்கு மென் காப்பே போதும். சடுதியாக அடிபட்டால் இறுகி, மற்ற வேளையில் இளகியிருக்கும் பொருளாற் செய்தவை இப்போது கிடைக்கின்றன. 'ஈஎன் 1621-1' என்னும் ஐரோப்பிய நியமம் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்காக வகுக்கப்பட்டதாயினும், சில காப்புகளில் அவ்விலக்கத்தைக் காணலாம். 50 யூல் சக்தியுடன் பாரத்தை விழுத்தி, மறுபுறம் கடக்கும் விசை சராசரி 35 கிலோநியூற்றனுக்கு மேற்படாவிடின் முதலாம் தரம். 20க்கு மேற்படாவிடின் இரண்டாம் தரம். இலக்கம் இருந்தால் நன்று. ஆனால் இலக்கம் பட்டியை இறுக்கிவிடாது.

இன்னொன்று தாய்மார் கவனத்துக்கு. மழைக்காலத்தில் ஈரம் உலராத காப்பு தோலிலே படையை உண்டாக்கும். மெத்தையைக் கழற்றித் துவைக்கக்கூடியதாகப் பார்த்து வாங்குதல் வேண்டும். அடுப்பங்கரையிலே காய வைத்தலாகாது, நுரை கெட்டுவிடும்.

எமது மாணவன் இப்போது கையை நனைத்துக்கொண்டு காப்பைக் கட்டி, உதறிப் பார்த்த பின்னரே சைக்கிளில் ஏறுகின்றான். மாமாவின் காப்பு தம்பிக்குப் போயிற்றாம். அவன் கைக்கு அது அண்ணனுக்கு இருந்ததிலும் பெரிது. வாங்கி வைத்துவிடும்படி தாயாருக்குச் சொல்லி அனுப்பியிருக்கின்றோம்.