ரெயிலில் ஏறத் தடை! கால்நடையாக ஊர் ஊராகச் சென்ற தியாகி! தொட்டால் ஒட்டுமா தொழுநோய்?

தருமபுரி:

"நோயாளி! ரெயிலில் ஏறக்கூடாது!"

தேசத்துக்காக ஜெயிலுக்குப் போய் வந்த ஒரு மனிதருக்கு வெள்ளைக்காரன் ஆட்சி கொடுத்த பரிசு இது. அவர் சுப்பிரமணிய சிவா. தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி மண்ணில்தான் அவருடைய கடைசி மூச்சு பிரிந்தது.

அவருக்கு வந்த நோய் தொழுநோய். பாமர ஜனங்கள் சொல்கிற பெருவியாதி, குஷ்டம்.

அந்த ரெயில் தடைக்கு நியாயம் உண்டா? பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் இந்த நோய் தொற்றிக்கொள்ளுமா? இன்றைக்கும் டவுன் பஸ்ஸில் ஒருவர் கையில் விரல் மழுங்கி இருந்தால் பக்கத்து ஆள் எழுந்து நின்றுகொள்கிறார். கடையில் அவர் நீட்டும் காசை மேஜை மேல் வைக்கச் சொல்கிறார்கள். அதனால்தான் இந்தக் கேள்வி.

ஜெயிலில் தொடங்கிய கதை

வத்தலக்குண்டில் 1884-ல் பிறந்தவர் சிவா. 1908-ல் தூத்துக்குடி, நெல்லை வட்டாரத்தில் அவரும் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் பேசிய பேச்சு ஆட்சியை உலுக்கியது. இருவரும் கைதானார்கள். ராஜத்துரோக வழக்கில் நீதிபதி பின்ஹே சிவாவுக்கு 10 ஆண்டு தண்டனை விதித்தார். அப்பீலில் அது 6 ஆண்டாகக் குறைந்தது.

1912-ல் சேலம் ஜெயிலில் இருந்து சிவா வெளியே வந்தார். ஜெயில் அவருக்குத் தந்தது தொழுநோய் என்றே அவருடைய வரலாறு சொல்லப்படுகிறது.

ரெயிலில் ஏற்ற மறுத்தார்கள். அவர் அசரவில்லை. உடம்பெல்லாம் புண். கட்டு போட்டுக்கொண்டு கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய் முழங்கினார். பாப்பாரப்பட்டியில் பாரதமாதாவுக்குக் கோவில் கட்ட இடம் பார்த்தார். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். கோவில் எழும்புவதைப் பார்க்க சிவாவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1925 ஜூலை 23-ல் காலமானார். வயது 40தான்!

கோர்ட்டில் நின்ற டாக்டர்

தொழுநோய் சாபத்தால் வருவது அல்ல, பரம்பரையாக வருவதும் அல்ல, ஒரு கிருமியால் வருவது. 1873-ல் இதைக் கண்டுபிடித்தவர் நார்வே நாட்டு டாக்டர் ஹேன்சன்.

கிருமியைப் பார்த்துவிட்டார். அது ஒருவரிடம் இருந்து மற்றவருக்குத் தாவுகிறது என்று நிரூபிக்க வேண்டுமே? 1879-ல் ஒரு விபரீதக் காரியம் செய்தார். ஏற்கனவே ஒரு வகைத் தொழுநோய் இருந்த பெண்ணின் கண்ணில், வேறு வகை நோயாளியிடம் எடுத்த கிருமியைக் கத்தி முனையால் குத்தினார். அந்தப் பெண்ணிடம் சம்மதம் கேட்கவில்லை!

விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. 1880-ல் ஹேன்சன் குற்றவாளி என்று தீர்ப்பு. ஆஸ்பத்திரி பதவி பறிபோனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கத்தியால் குத்தி ஏற்றியும் அந்த வகை நோய் அந்தப் பெண்ணுக்கு வரவில்லை! லேசில் ஒட்டாத நோய் என்பதற்கு அப்போதே கிடைத்த அத்தாட்சி இது.

எப்படித்தான் பரவுகிறது?

சிகிச்சை எடுக்காத நோயாளியின் மூக்கு, வாய் வழியாகக் கிருமி வெளியேறுகிறது. தும்மும்போதும் இருமும்போதும் தெறிக்கும் துளிகள்தான் அதற்கு வாகனம் என்று டாக்டர்கள் கருதுகிறார்கள். ஒரு தடவை தும்மினால் போதாது. ஒரே வீட்டில், ஒரே அறையில், மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நெருங்கிப் பழகியவர்களுக்குத்தான் ஆபத்து. அப்படிப் பழகினாலும் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. 100 பேரில் 95 பேருக்கு மேல் இந்தக் கிருமியை அடக்கும் சக்தி உடம்பிலேயே இருக்கிறது.

கை குலுக்கினால் வராது. பக்கத்தில் உட்கார்ந்தால் வராது. சேர்ந்து சாப்பிட்டால் வராது. காசு வாங்கினாலும் வராது.

அப்படியானால் சிவாவை ரெயிலில் ஏறவிடாமல் தடுத்தது எந்தக் கிருமியையும் தடுக்கவில்லை. ஒரு மனிதரைத்தான் தடுத்தது.

இந்தக் கிருமி ஆமை வேகம். ஒன்று இரண்டாகப் பெருகவே 12 நாளுக்கு மேல் ஆகும். உள்ளே புகுந்தபின் நோய் தலைகாட்ட சராசரி 5 ஆண்டு. சிலருக்கு 20 ஆண்டுகூட ஆகலாம். "யாரிடம் இருந்து வந்தது?" என்று துப்பு துலக்கப் போனால் போலீசாரே தோற்றுப் போவார்கள்!

ஒட்டுவது வேறு, பயப்படுவது வேறு

குழந்தைகளுக்கு மூக்கோரம், வாயோரம் கொப்புளம் கிளம்பி, உடைந்து, தேன் நிறத்தில் பொருக்கு கட்டுகிறதே, அந்தப் புண்ணும் கிருமியால் வருவதுதான். அது நிஜமாகவே தொட்டால் ஒட்டும். ஒரே துண்டு, ஒரே பாய் போதும். ஒரு பிள்ளைக்கு வந்தால் வகுப்புக்கே வரும்.

அதற்கு யாரும் பயப்படுவதில்லை. "வெயில் கொப்புளம்" என்று விட்டுவிடுகிறார்கள். தொட்டால் ஒட்டாத தொழுநோய்க்குத்தான் ஊரே ஓடுகிறது!

விரல் ஏன் போகிறது?

"தொழுநோய் விரலைத் தின்கிறது" என்பது பழைய பேச்சு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்ட் இதை மறுத்தார்.

கிருமி நரம்பைக் கெடுக்கிறது. வலி தெரியாமல் போகிறது. சூடான பாத்திரத்தைப் பிடித்தால் சுடாது. ஆணி ஏறினால் தெரியாது. காயம் புண்ணாகி, புண் எலும்பு வரை போகிறது. ராத்திரி தூங்கும்போது எலி விரலைக் கடித்தால்கூட நோயாளி விழிப்பதில்லை! இது தெரிந்ததும் நோயாளிகளுக்குக் காவலாகப் பூனை வளர்க்கச் சொன்னார்கள்.

வாரண்ட் இல்லாமல் கைது

1898-ல் வெள்ளையர் ஒரு சட்டம் போட்டார்கள். நாதியற்ற தொழுநோயாளியைப் போலீசார் வாரண்ட் இல்லாமலே பிடித்துப் போகலாம். அரசு அறிவித்த இடங்களில் நோயாளி உணவுப் பண்டம் விற்கக்கூடாது. பொதுக் கிணற்றில் குளிக்கக்கூடாது. வாடகை வண்டியில் ஏறக்கூடாது.

இந்தச் சட்டம் ஒழிந்தது எப்போது தெரியுமா? 2016-ல்! நோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும் பிரிவு நீக்கப்பட்டது 2019-ல்தான்.

மருந்து அதற்கு முன்பே வந்துவிட்டது. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைச் சிபாரிசு செய்தது. நோய் குறைவாக இருந்தால் 6 மாதம், கூடுதலாக இருந்தால் 12 மாதம் மாத்திரை. குணமாகிவிடும். மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே நோயாளியிடம் இருந்து மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடுகிறது.

மறைப்பதுதான் ஆபத்து

10 ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை நாடு 2005-ல் எட்டியது. "தொழுநோய் ஒழிந்தது" என்று ஜனங்கள் மறந்துவிட்டார்கள். ஆனால் 2023-ல்கூட நாட்டில் 1 லட்சத்துக்கு மேல் புதிய நோயாளிகள். உலகக் கணக்கில் இது பாதிக்கு மேல்.

நோய் பரவுவது பஸ்ஸிலும் ரெயிலிலும் அல்ல. "வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வருமா? மேஸ்திரி வேலை கொடுப்பாரா?" என்று பயந்து மூடி மறைக்கிற வீட்டில்தான். மறைப்பவர் முதலில் தன் நரம்பை இழக்கிறார். பிறகு அதே வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிறார்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இவை:

வெளிறிய அல்லது சிவந்த படை. அரிக்காது, வலிக்காது. தொட்டால் உணர்ச்சி இராது. தேமல் என்றால் சுரண்டினால் மாவு மாதிரி செதில் உதிரும். இதில் உதிராது. கை கால் மரத்துப் போவது, செருப்பு காலை விட்டுக் கழன்றது தெரியாமல் நடப்பது, காது மடல் தடித்து மினுமினுப்பது, புருவ முடி உதிர்வது ஆகியவையும் எச்சரிக்கை மணிதான்.

மாத்திரை சாப்பிடும்போது சிறுநீர் சிவப்பாகப் போகலாம். உடம்பு கறுக்கலாம். பயந்து பாதியில் நிறுத்தக்கூடாது. மருந்து முடிந்தபின் நிறம் மெல்லத் திரும்பும்.

பெங்களூருக்குக் கட்டிட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கும் போகிறவர்கள் மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். நாடு முழுவதும் அரசு ஆஸ்பத்திரிகளில் இந்த மருந்து இலவசம். வீட்டில் உள்ள மற்றவர்களும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அவர்களுக்குத் தடுப்பாக ஒரே ஒரு தடவை கொடுக்கும் மருந்தும் இருக்கிறது. நோய் வரும் வாய்ப்பை அது பாதிக்கு மேல் குறைக்கிறது.

பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கத்து ஜனங்கள் இதற்காக வெகுதூரம் அலைய வேண்டாம். அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சட்டையைக் கழற்றிப் படையைக் காட்டினால் போதும். அங்கே சந்தேகம் தீராவிட்டால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கட்டணம் கிடையாது. வெட்கப்படவும் அவசியம் கிடையாது.