72 மணி நேரத் தவணை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பொரித்து ஒரு நாள்கூட நிறையாத கோழிக்குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் அடைத்து அஞ்சலில் அனுப்பும் வழக்கம் நூறாண்டுகளைக் கடந்தும் தொடர்கிறது. 1913இல் அந்நாட்டு அஞ்சல் துறை பார்சல் சேவையைத் தொடங்கியது. 1918இல் கோழிக்குஞ்சுகளையும் ஏற்றுக்கொள்ள இசைந்தது. அதன் பயனாக, அயோவா போன்ற மாநிலங்களில் இயங்கிய குஞ்சு பொரிப்பகங்களால், தொலைதூரப் பண்ணை வீடுகளுக்கும் நேரடியாகக் குஞ்சுகளை விற்க முடிந்தது.

உணவோ நீரோ இன்றி ஓர் உயிர் இரண்டு, மூன்று நாள் பயணம் செய்வது எவ்வாறு இயலும் என்ற வினாவுக்கு விடை கோழியின் உடலமைப்பிலேயே இருக்கிறது. 21 நாள் அடைகாப்பின் இறுதிக் கட்டத்தில், முட்டையில் எஞ்சியுள்ள மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஓட்டை உடைத்து வெளிவந்த பிறகு ஏறத்தாழ மூன்று நாள்களுக்கு அதுவே ஊட்டமாகவும் ஈரமாகவும் பயன்படுகிறது. ஒரே அடையில் உள்ள முட்டைகள் யாவும் ஒரே வேளையில் பொரிப்பதில்லை என்பதால், கடைசிக் குஞ்சு வெளிவரும் வரை தாய்க்கோழி இடத்தை விட்டு எழாமல் இருக்க, முந்திப் பொரித்தவை பசியின்றிக் காத்திருப்பதற்கு இந்தச் சேமிப்பு உதவுகிறது.

அடைமுட்டைகளை, அதாவது குஞ்சு பொரிப்பதற்கென்றே அனுப்பப்படும் கருவுற்ற முட்டைகளை, அஞ்சலில் அனுப்ப முடிவதும் இதையொத்த இன்னொரு காத்திருப்பினால்தான். நாளுக்கு ஒன்றுக்கு மேல் முட்டையிடாத கோழி, பத்துப் பன்னிரண்டு சேர்ந்த பிறகே அடையில் அமர்கிறது. அதுவரை முதலில் இட்ட முட்டையின் கரு, போதிய சூடு கிடைக்காமையால் வளர்ச்சியை நிறுத்தி வைத்திருக்கிறது. 13 முதல் 18 பாகை செல்சியஸ் வரையிலான குளிர்ச்சியில் சுமார் ஒரு வாரம் வரை இந்நிலை பெரிதும் கெடாமல் நீடிக்கும். ஆனால் வழியில் ஏற்படும் குலுக்கலில், முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறை தன் இடத்திலிருந்து விலகிவிடக்கூடும் என்பதால், வந்து சேர்ந்த முட்டைகளை அகன்ற முனை மேல்நோக்க ஒரு நாள் அசையாமல் வைத்த பின்னரே இன்குபேட்டரில் வைக்குமாறு அனுபவமுள்ளோர் அறிவுறுத்துகின்றனர். அவ்வாறு செய்தும், பயணப்பட்ட முட்டைகளில் பொரிக்காமல் போகும் கூமுட்டைகளின் விகிதம் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இருக்கிறது.

அஞ்சல் விதிகளும் இந்த இயற்கைத் தவணையை ஒட்டியே வகுக்கப்பட்டுள்ளன. பொரித்த 24 மணி நேரத்துக்குள் குஞ்சுகள் அஞ்சலில் சேர்க்கப்பட வேண்டும். 72 மணி நேரத்துக்குள் பெறுநரிடம் சேர வேண்டும். பொரித்த நாளும் மணியும் பெட்டியின் மீதே எழுதப்பட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலோ விடுமுறை நாளிலோ போய்ச் சேரும்படி நேராதிருக்க வாரத் தொடக்கத்திலேயே அனுப்ப வேண்டும். பக்கங்களில் துளையிட்ட பெட்டியின் உட்புறம், நூறு குஞ்சுகளுக்கானதெனில், அறைக்கு இருபத்தைந்தாக நான்கு அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். முதல் சில நாள்களில் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாத குஞ்சுக்கு அருகிலுள்ள குஞ்சுகளே கதகதப்பு. எனினும் அளவுக்கு மீறிக் கூடினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுக்கிக்கொள்ளும் என்பதால்தான் இந்தத் தடுப்பு. சிறிய ஆர்டர்களில் சூடு போதாதெனக் கருதி, கேட்காத சேவல் குஞ்சுகளைச் சேர்த்து அனுப்பும் பொரிப்பகங்களும் உண்டு. முட்டைக்காகக் கோழி வளர்ப்போருக்குத் தேவைப்படாத அக்குஞ்சுகளின் கதி என்ன என்ற கேள்வி விலங்கு நல ஆர்வலர்களால் எழுப்பப்படுகிறது.

பெட்டி வந்ததும் அஞ்சலகத்தார் அதிகாலையிலேயே தொலைபேசியில் அழைத்துவிடுவர். பெற்றுக்கொண்டவர் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் நீரில் நனைத்துக் குடிக்கப் பழக்கி, ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் சூட்டில் விளக்கின் கீழ் விடுவார்.

தவணை தவறினால் விளைவு கொடியது. 2020ஆம் ஆண்டு மெய்ன் மாநிலத்துக்கு அஞ்சலில் வந்த குஞ்சுகளில் குறைந்தது 4,800 இறந்துகிடந்தன. 2025இல் டெலவேர் மாநிலத்தின் அஞ்சல் மையமொன்றில், ஏறத்தாழ 12,000 குஞ்சுகள் இருந்த வாகனம் மூன்று நாள் கவனிப்பாரின்றி நிற்க, அவற்றில் ஆயிரக்கணக்கானவை மடிந்தன.

மஞ்சள் கரு அளிக்கும் அவகாசம் தாயின் சிறகுச் சூட்டில் இருக்கும் குஞ்சுக்கு இயற்கை வகுத்தது. வெயிலில் நிற்கும் வாகனத்திலோ குளிர்ந்த கிடங்கிலோ அது விரைவில் கரைந்துவிடும். 72 மணி நேரம் என்பதை வழக்கமான பயண நேரமாகக் கொள்ளாமல், மீறக் கூடாத கடைசி எல்லையாகக் கொண்டு, அதற்கு வெகு முன்னரே குஞ்சுகளைச் சேர்ப்பிக்கும் ஏற்பாட்டில்தான் இந்த வழக்கத்தின் நியாயம் அடங்கியிருக்கிறது.