அம்பாசிடரின் வலமும் இடமும்

பாத்திர வியாபாரம் செய்யக் கல்கத்தாவுக்கு வந்து நாற்பது வருஷம் ஆகிறது. என்ஜின் சாஸ்திரத்தை நான் எந்தக் கல்லூரியிலும் பயின்றவனல்லன். கைப்புத்தகமும் கிரீஸ் கறையுமே எனக்கு ஆசான். வாசலில் இன்னும் பழைய அம்பாசிடரை வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்காக, கற்றதில் சிறிது எழுதுகிறேன்.

கற்கத் தூண்டியது 1996-ல் ஒரு மழை ராத்திரி. அண்ணாவுக்கு நெஞ்சுவலி. காரில் ஏற்றிக்கொண்டு போகையில், தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது. பானெட்டைத் திறக்கத் தெரியும். உள்ளே எது எதுவென்று தெரியாது. வழியே வந்த டாக்சிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு போனதால் அண்ணா பிழைத்தார். மறுநாள் மெக்கானிக் ஒரு மூடியைக் கழற்றி, உள்ளிருந்த ஈரத்தைத் துணியால் துடைத்தார். வண்டி உடனே கிளம்பிவிட்டது. அட, இதுக்கா என்று வெட்கமாகப் போயிற்று.

அம்பாசிடர், பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வழி வந்தது. ஹூக்ளி மாவட்டத்து உத்தரபாராவில் 1950-களின் கடைசியிலிருந்து 2014 மே வரை தயாரானது. நான் சொல்லப்போவது இதன் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினைப் பற்றி. 1990-களில் வந்த இசுசு என்ஜினுக்கு இந்த அமைப்பு பொருந்தாது.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து முன்னே பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். என்ஜினின் வலப்பக்கம் மின்சாரம்: நான்கு ஸ்பார்க் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, ஸ்டார்ட்டர். ஆயில் ஃபில்டரும் இந்தப் பக்கந்தான். இடப்பக்கம் காற்றும் பெட்ரோலும்: கார்புரேட்டர், உள்ளிழுக்கும் குழாய், புகை வெளியேறும் குழாய். "வலம் பொறி, இடம் மூச்சு" என்று நான் மனப்பாடம் செய்துகொண்டேன். பொறி என்ற சொல் தமிழில் தீப்பொறிக்கும் உண்டு, எந்திரத்துக்கும் உண்டு. எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

மழையில் நின்றால் முதலில் வலப்பக்கம் பாருங்கள். சாவியை அணைத்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரு கிளிப்பையும் நீக்கி, மூடியின் உட்புறத்தையும் வயர்களையும் நன்றாகத் துடையுங்கள். வயர் கழன்றுவிட்டால் பயப்பட வேண்டாம். ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர். பொறி விழும் வரிசை 1-3-4-2. மூடியில் இந்த வரிசை கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் போகும். பிளக் இடைவெளி 0.025 அங்குலம், கான்டாக்ட் பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம். பாயின்ட் தேய்ந்தாலும் வண்டி இழுக்காது. அதற்குக் கார்புரேட்டரைப் பிரித்துக் காசைக் கரைத்தவர்கள் பலர்; அடியேனும் ஒருவன்.

கோடையில் வேறு கதை. டைனமோவின் சிவப்பு விளக்கு எரிந்து, சூட்டு முள்ளும் கூடவே ஏறினால் ஃபேன் பெல்ட் அறுந்திருக்கும். டைனமோவையும் தண்ணீர் பம்பையும் சுற்றுவது அந்த ஒரே பெல்ட். உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள். கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் ஹெட் காஸ்கெட் போயிருக்கும். அதோடு ஓட்டினால் பேரிங்கும் போய்விடும்.

உதிரிபாகத்துக்கு இங்கே மல்லிக் பஜார் இருக்கிறது. "அம்பாசிடருக்கு வேணும்" என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த 1489 பெட்ரோல், டீசல், இசுசு என்று பல என்ஜின்கள் அந்த ஒரே பெயரில் ஓடின. நான் ஒருமுறை இசுசுவின் காஸ்கெட்டை வாங்கி வந்து நஷ்டப்பட்டேன்; தப்பு என்னுடையதுதான். ஆர்.சி. புத்தகத்தின் நகலும் கழற்றிய பழைய சாமானும் கையில் இருக்கட்டும். கடையிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள அனைவரையும் கூப்பிட்டு, பானெட்டைத் திறந்து வலமும் இடமும் காட்டிவிடுங்கள். ஆபத்து வரும் இரவில் வண்டி ஓட்டுவது நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்று சொல்ல முடியாது. அண்ணா இன்றும் என் காரில் ஏறினால் முதலில் டாஷ்போர்டு அறையைத் திறந்து பார்ப்பார், உலர்ந்த துணி இருக்கிறதா என்று.